புனோம் பென் ஒரு நாள் டூர்: ஏஜென்சிக்கு இரண்டு நட்சத்திரம், கைடு அக்காவுக்கு ஐந்து

மண்டை ஓடுகளைக் கண்ணாடிக்குள் அடுக்கி வைத்திருக்கிற இடத்துக்குப் போகிற வழியில் வேனை ஓரங்கட்டி, "துப்பாக்கி சுடுற இடம் பக்கத்துலதான் இருக்கு, போலாமா" என்று டிரைவர் ஒரு லேமினேட் செய்த அட்டையை நீட்டினார். ஏகே-47 ஒரு மேகசினுக்கு இவ்வளவு, பெரிய மெஷின் கன் என்றால் இவ்வளவு என்று டாலரில் விலைப்பட்டியல். மாமா அதை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ரேஷன் கடை போர்டைப் படிப்பது மாதிரி ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, "எஸ்.எல்.ஆர். துப்பாக்கியைப் பதினஞ்சு வருஷம் தூக்கியாச்சுப்பா, போதும்" என்று தமிழிலேயே சொல்லித் திருப்பிக் கொடுத்தார். டிரைவருக்கு எப்படியோ புரிந்துவிட்டது, வண்டியைக் கிளப்பினார்.

சரி, விமர்சனத்துக்கு வருகிறேன். ஏஜென்சியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. தங்கியிருந்த இடத்து ரிசப்ஷனில் சிபாரிசு செய்தார்கள், நாங்களும் யோசிக்காமல் பதிவு செய்துவிட்டோம். ஆளுக்கு 38 டாலர். காலையில் துவோல் ஸ்லெங் சிறை அருங்காட்சியகம், மதியச் சாப்பாடு, பிறகு ஊருக்கு வெளியே சோயுங் ஏக் கொலைக்களம், சாயங்காலம் மார்க்கெட்டில் ஷாப்பிங். இந்த வரிசையைப் பார்த்ததுமே எனக்கு உறைத்திருக்க வேண்டும். காலையில் சித்திரவதைக் கூடம், நடுவில் பஃபே, மதியம் புதைகுழி, சாயங்காலம் டி-ஷர்ட் பேரம்! இதை ஒரு நாளில் அடுக்கியவர் இந்த இரண்டு இடத்துக்கும் ஒரு தடவைகூட உள்ளே போயிருக்க மாட்டார் என்று பந்தயம் கட்டுவேன். துவோல் ஸ்லெங்குக்கு அவர்கள் ஒதுக்கியது ஒன்றரை மணி நேரம். குறைந்தது மூன்று மணி நேரம் வேண்டும், அதற்கப்புறம் எங்காவது மரத்தடியில் சும்மா உட்கார ஒரு மணி நேரம். ஒரு நட்சத்திரத்தை அதற்கே பிடுங்கிவிட்டேன். விலைப்பட்டியல் அட்டைக்கு இரண்டு.

மிச்சமிருக்கிற இரண்டு நட்சத்திரமும் அவர்கள் எங்களோடு அனுப்பிவைத்த கைடுக்காகத்தான். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. அக்கா என்றே எழுதுகிறேன். மாமாவைப் பார்த்ததும் "ஓம்" என்று கூப்பிட ஆரம்பித்தார். கெமர் மொழியில் அப்பா அம்மாவுக்கு மூத்தவர்களை அப்படிக் கூப்பிடுவார்களாம், நம் பெரியப்பா மாதிரி. மாமா முதலில் ஏதோ மந்திரம் சொல்கிறார் என்று நினைத்து பதிலுக்குக் கும்பிட்டார்.

இடத்தைப் பற்றி. துவோல் ஸ்லெங் ஒரு பள்ளிக்கூடம். அதுதான் முதலில் வயிற்றைப் பிசைகிறது. நம் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளி மாதிரியே மூன்று மாடி, நீள வராந்தா, மஞ்சளும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரை, முற்றத்தில் நாகலிங்கமோ என்று நினைத்தால் அது பெருங்கள்ளி, நம் கோவில்களில் நிற்கிற அதே ஈழத்தலரி. துவோல் என்றால் மேடு, ஸ்லெங் என்றால் எட்டி மரம். எட்டி மேடு. 1975 ஏப்ரல் 17-ல் போல் பாட் தலைமையிலான கம்யூனிஸ்ட் இயக்கமான கெமர் ரூஜ் கம்போடியத் தலைநகரான இந்த ஊருக்குள் நுழைந்து, ஊர் முழுவதையும் காலி செய்து எல்லோரையும் வயலுக்கு விரட்டியது. அப்புறம் இந்தப் பள்ளிக்கூடம் எஸ்-21 என்ற சிறையானது. வகுப்பறைக்குள் செங்கல் வைத்துத் தடுத்து ஓர் ஆள் மட்டும் முடங்குகிற அளவுக்குக் குறுகலான அறைகள், மாடி வராந்தா முழுக்க முள்கம்பி வலை. தப்பிக்காமல் இருக்க என்று நினைத்தேன். குதித்துச் சாகாமல் இருக்க என்றார் அக்கா. பிள்ளைகள் கயிறு ஏறிப் பழகிய உடற்பயிற்சிக் கம்பத்தில் ஆட்களைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். இங்கே வந்தவர்களில் 12,000 பேருக்கு மேல் கொல்லப்பட்டதாக நீதிமன்றமே பதிவு செய்திருக்கிறது. உயிரோடு வெளியே வந்தவர்கள் கைவிரலில் எண்ணிவிடக்கூடிய அளவுதான். வான் நாத்துக்குப் படம் வரையத் தெரியும், போல் பாட்டை வரைய ஆள் வேண்டியிருந்தது. சும் மேவுக்கு மெஷின் ரிப்பேர் தெரியும். உயிர் பிழைக்க அதுதான் தகுதி.

உள்ளே வந்த ஒவ்வொருவரையும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறார்கள். சுவர் சுவராக முகங்கள். ஒரு பையனின் நம்பர் அட்டையைச் சட்டையில் குத்த இடமில்லாமல் எங்கே குத்தியிருந்தார்கள் என்பதை நான் எழுதவில்லை, போகிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

முதல் கட்டடத்தில், ஒவ்வொரு அறையிலும் ஓர் இரும்புக் கட்டில், சுவரில் ஒரு மங்கலான கறுப்பு வெள்ளைப் போட்டோ. அந்தக் கட்டிலில் கிடந்த பிணத்தின் போட்டோ. மாமா அங்கேதான் முதல் கேள்வியைக் கேட்டார். "இதை எடுத்தது யாரு? கொன்னவனா?" இல்லை, வியட்நாம் ராணுவத்தோடு வந்த போட்டோகிராபர், ஹோ வான் டே. 1979 ஜனவரி 7-ல் வியட்நாம் படை நகரத்துக்குள் வந்தது. ஊரில் ஈ காக்கை இல்லை. நாற்றம் வந்த திசையைப் பிடித்துப் போய் இந்த இடத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். காவலர்கள் ஓடுகிற அவசரத்தில் கடைசிக் கைதிகளைக் கட்டிலிலேயே கொன்றுவிட்டுப் போயிருக்கிறார்கள். முற்றத்தில் 14 வெள்ளைச் சமாதிகள் இருக்கின்றன, அவை அவர்களுடையவை. பெயர்கூடத் தெரியாது.

"அப்ப அடுத்த நாட்டு மிலிட்டரி வந்துதான் இது நின்னுருக்கு" என்றார் மாமா. என்னைப் பார்த்துச் சொன்னார்.

ஏன் என்னைப் பார்த்து என்றால், எங்களுக்குள் இது பழைய சண்டை. 2003-ல் ஈராக்குக்குள் அமெரிக்கா போனதிலிருந்து நான் ஒரே கட்சிதான்: ஒரு நாட்டின் உள்விவகாரத்தில் இன்னொரு நாடு படையோடு நுழையக் கூடாது, மனித உரிமை என்பது வெளியே ஒட்டுகிற லேபிள், உள்ளே எண்ணெயோ எல்லையோதான் இருக்கும். 2011-ல் லிபியாவைப் பார்த்ததும் இன்னும் கெட்டியாகிவிட்டேன். மக்களைக் காப்பாற்றப் பறக்கத் தடை என்று பாதுகாப்புச் சபையில் தீர்மானம் போட்டார்கள், இந்தியா உட்பட ஐந்து நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின, கடைசியில் கடாஃபியும் போனார், நாடும் போனது. மாமா எதிர்க் கட்சி. பக்கத்து வீட்டில் பெண்டாட்டியைப் போட்டு அடிக்கிறான், சத்தம் கேட்கிறது, அது அவன் குடும்ப விஷயம் என்று டிவி சவுண்டைக் கூட்டுவாயா என்பார். இந்த உதாரணத்தை வீட்டு விசேஷங்களில் இருபது தடவையாவது கேட்டிருப்பேன்.

அந்த முற்றத்தில் நின்றுகொண்டு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அக்காதான் எனக்கு உதவிக்கு வந்தார், அல்லது வந்த மாதிரி இருந்தது. வியட்நாம் எங்களைக் காப்பாற்ற வரவில்லை என்றார், ரொம்பச் சாதாரணமாக.

அதுதான் உண்மை. கெமர் ரூஜ் எல்லையைத் தாண்டி வியட்நாம் கிராமங்களைத் தாக்கிக்கொண்டே இருந்தது. 1978 ஏப்ரலில் பா சுக் என்ற ஊரில் மட்டும் 3,000 பேருக்கு மேல் கொன்றார்கள். போல் பாட்டுக்குப் பின்னால் சீனா, வியட்நாமுக்குப் பின்னால் சோவியத். 1978 டிசம்பர் 25-ல் வியட்நாம் பெரும் படையோடு உள்ளே வந்தபோது கம்போடியர்களின் கண்ணீரைத் துடைக்க வந்தோம் என்று அவர்களே சொல்லவில்லை. எல்லையில் நடந்தது எங்கள் தற்காப்பு, உள்ளே நடந்தது கம்போடிய மக்களின் சொந்தப் புரட்சி என்று ஐ.நா.வில் இரண்டு கதை சொன்னார்கள். மனித உரிமைக்காக வந்தோம் என்ற மூன்றாவது கதையைச் சொல்லியிருந்தால் இன்று பாடப்புத்தகத்தில் உதாரணமாக வந்திருக்கும், ஆனால் அன்று அப்படி ஒரு காரணமே செல்லுபடியாகாது. இன்னொன்றையும் மறக்கக் கூடாது, 1975-க்கு முன்னால் இதே கெமர் ரூஜை வளர்த்ததில் வியட்நாம் கம்யூனிஸ்டுகளுக்கும் பங்கு உண்டு, 1973 வரை கம்போடிய கிராமங்களில் குண்டு போட்டு ஆட்களை அந்தப் பக்கம் தள்ளியதில் அமெரிக்காவுக்கும் பங்கு உண்டு. கையைக் கழுவிக்கொண்டு வந்த டாக்டர் ஒருத்தரும் இல்லை.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அக்கா அடுத்து சொன்னார்: "எதுக்கு வந்தாங்கன்னு எங்கம்மா கேட்கல. வந்தாங்களான்னுதான் பாத்தாங்க."

அவருக்கு அப்போது ஒன்பது வயது. பாட்டம்பாங் பக்கம் ஒரு கூட்டுப் பண்ணையில் அம்மாவையும் அண்ணனையும் தனித்தனியாக வைத்திருந்தார்கள். அப்பா ஏற்கெனவே இல்லை, வாத்தியார், அது போதும் கொல்வதற்கு. "அங்கார் கூப்பிடுகிறது" என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கார் என்றால் அமைப்பு. கட்சியையோ தலைவரையோ பெயர் சொல்ல மாட்டார்கள், அமைப்பு கூப்பிடுகிறது, அமைப்பு சொல்கிறது, அவ்வளவுதான். அந்தக் காலத்தைக் கம்போடியர்கள் 3 வருஷம் 8 மாதம் 20 நாள் என்று நாள் கணக்கோடு சொல்கிறார்கள். அக்கா அந்தக் கணக்கைச் சொன்னபோது நான் போனில் கூட்டிப் பார்த்தேன். ஒரு நாள் முன்னே பின்னே, சரியாகத்தான் இருந்தது. அதற்குள் பதினைந்து லட்சத்திலிருந்து இருபது லட்சம் பேர் வரை செத்தார்கள், நாட்டின் மொத்த ஜனத்தொகையே எண்பது லட்சத்துக்குப் பக்கம்தான்.

இப்போது கேளுங்கள், உலகம் என்ன செய்தது. 1979 ஜனவரியில் பாதுகாப்புச் சபை கூடியது. அந்நியப் படைகள் வெளியேற வேண்டும் என்று தீர்மானம், 15 பேரில் 13 பேர் ஆதரவு, சோவியத் வீட்டோ போட்டதால்தான் நிறைவேறவில்லை. ஓர் ஆட்சி அருவருப்பானது என்பதற்காக வெளியிலிருந்து வந்து அதைக் கவிழ்க்கலாம் என்று ஒப்புக்கொண்டால் அது மிக ஆபத்தான முன்னுதாரணம் என்று பிரான்ஸ் பிரதிநிதி பேசினார். யோசித்துப் பாருங்கள், அது அப்படியே என் வாதம். இருபது வருஷமாக நான் மாமாவிடம் சொன்னதை எனக்கு முன்பே ஒருத்தர் சொல்லியிருக்கிறார், அதுவும் அந்தக் கட்டில்களில் ரத்தம் காய்ந்த அதே மாதம். செப்டம்பரில் பொதுச்சபையில் கம்போடியா நாற்காலி யாருக்கு என்று ஓட்டெடுப்பு. 71 நாடுகள் போல் பாட் தரப்புக்கு, 35 எதிர்ப்பு, 34 ஒதுங்கிக்கொண்டன. நாட்டை விட்டு ஓடித் தாய்லாந்து எல்லைக் காட்டில் உட்கார்ந்திருந்தவர்களின் கொடி நியூயார்க்கில் பறந்தது. பின்னால் முன்னாள் மன்னர் சிஹானுக்கைச் சேர்த்துக் கூட்டணி என்று பெயர் மாற்றினார்கள், நாற்காலி என்னவோ பத்து வருஷத்துக்கு மேல் அவர்கள் பக்கம்தான். வியட்நாமுக்குப் பாடம் கற்பிக்கிறேன் என்று சீனா 1979 பிப்ரவரியில் படையெடுத்து ஒரு மாதம் அடித்துவிட்டுப் போனது. புனோம் பென்னில் உட்கார்ந்த புது அரசுக்கு அங்கீகாரமும் கிடையாது, மேற்கிலிருந்து உதவியும் கிடையாது. இந்தியா 1980-ல் அங்கீகரித்தது. இதை அக்கா மாமாவிடம் தனியாக எடுத்துச் சொன்னார், நாங்கள் இந்தியர்கள் என்பதால் எல்லோரிடமும் சொல்கிற வரியாகவும் இருக்கலாம். அங்கோர் வாட்டைப் பழுதுபார்க்க எண்பதுகளில் வந்தது உங்கள் ஊர்க்காரர்கள்தான் என்றும் சொன்னார். மாமா ஏதோ தானே சிமெண்டு குழைத்த மாதிரி நிமிர்ந்து நின்றார்.

ஆனால் அக்கா அதோடு விடவில்லை, அதனால்தான் ஐந்து நட்சத்திரம். வந்தவர்கள் போகவில்லையே என்றார். 1989 செப்டம்பர் வரை வியட்நாம் படை இருந்தது. எண்பதுகளின் நடுவில் தாய்லாந்து எல்லை நெடுக காட்டை வெட்டி, வேலி போட்டு, கண்ணிவெடி புதைக்க ஊர் ஊராக ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கே-5 என்று பெயர். மலேரியாவிலும் வெடியிலும் போனவர்கள் ஏராளம். அண்ணன் அதில் போய்த்தான் காலை இழந்தார். அக்கா வீட்டில் ஜனவரி 7 வந்தால் அம்மா ஊதுவத்தி ஏற்றுவாராம், அண்ணன் வெளியே கிளம்பிப் போய்விடுவாராம். அரசுக்கு அது வெற்றி நாள், லீவு. எதிர்க்கட்சிக்காரர்களைக் கேட்டால் வேறு ஒருவனிடம் மாட்டிய நாள். அன்று வியட்நாமோடு வந்தவர்களில் ஒருவர், கெமர் ரூஜில் தளபதியாக இருந்து 1977-ல் கட்சி மாறி ஓடிய ஹுன் சென். 1985-ல் பிரதமர், 2023 வரை நாற்காலியை விடவில்லை, விட்டதும் மகனிடம். இதைச் சொல்லும்போது மட்டும் அக்கா குரலைத் தாழ்த்தினார், சுற்றிலும் ஒரு பார்வை. பக்கத்தில் யாரும் இல்லை, ஒரு தோட்டக்காரர்தான் இலை கூட்டிக்கொண்டிருந்தார்.

மதியச் சாப்பாடு பற்றி நாலு வரி. ஏஜென்சி கூட்டிப்போன ஹோட்டலில் கூட்டம், சத்தம், பிறந்தநாள் பாட்டு. மீன் கருவாட்டு வாசனை தூக்கலாக இருந்தது. அது நம்ம ஊர்க்காரர்களுக்குப் பிரச்சினை இல்லை, பிரச்சினை எதுவும் இறங்கவில்லை என்பதுதான். மாமா வெறும் சோற்றில் தண்ணீர் ஊற்றி, எலுமிச்சை பிழிந்து, மோர் இல்லையே என்று முனகிக்கொண்டே சாப்பிட்டார்.

சாப்பிட்டுக்கொண்டே பேசியதுதான் எனக்கு அந்த 38 டாலர். மாமா மெட்ராஸ் ரெஜிமென்ட். 1971 டிசம்பரில், வங்கதேசப் போரில், ஜெஸ்ஸோர் பக்கம் இருந்தார், இருபது வயது. அதைப் பற்றி வீட்டில் அதிகம் பேச மாட்டார், பனி, சேறு, பீடி என்று நிறுத்திக்கொள்வார். அக்கா ராணுவத்திலா இருந்தீர்கள் என்று கேட்டதும், தன் ராணுவ ஆங்கிலத்தில் ஆரம்பித்துவிட்டார். ரோட்டோரம் கிணற்றில் பிணம் கிடந்தது, பெண்கள் ஓடி வந்து எங்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள், ஒரு கிழவர் இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மாட்டேன் என்றார். "நாங்க மட்டும் நல்ல மனசோடயா போனோம்? ஒரு கோடி அகதி வந்து உக்காந்துட்டாங்க, சோறு போட்டு முடியல. பாகிஸ்தானை உடைக்க வேற சான்ஸ் வந்துச்சு. எல்லாம் சேந்துதான்" என்று என்னிடம் தமிழில் சொன்னார். இதை மாமா வாயிலிருந்து நான் கேட்டது அன்றுதான். பக்கத்து வீட்டு உதாரணத்தை மட்டும் வைத்து இத்தனை வருஷம் என்னை ஓட்டியிருக்கிறார்!

அன்றும் உலகம் கைதட்டவில்லை என்பது நம்மில் பலருக்கு மறந்துவிட்டது. 1971 டிசம்பர் 7-ல் பொதுச்சபையில் போரை நிறுத்து, படையைத் திரும்பப் பெறு என்று 104 நாடுகள், எதிர்த்தவை 11 மட்டுமே. ஆனால் ஒரு வித்தியாசம். டாக்காவில் சரணடைந்தது டிசம்பர் 16, அடுத்த மார்ச் மாதமே இந்தியப் படை அணிவகுத்து ஊர் திரும்பிவிட்டது. மூன்று மாதம். ஒப்படைக்க அங்கே ஆள் இருந்தார்கள், தேர்தலில் ஜெயித்த கட்சி, ஊர் அறிந்த தலைவர். வியட்நாமுக்குக் கம்போடியாவில் ஒப்படைக்க ஆள் இல்லை, படித்தவன் எல்லாம் செத்துவிட்டான், எல்லையில் போல் பாட்டுக்குச் சீனாவும் தாய்லாந்தும் சோறும் துப்பாக்கியும் கொடுத்துக்கொண்டிருந்தன. கிளம்பினால் மறுநாள் அவன் வந்துவிடுவான். பத்து வருஷம் இருந்ததற்கு வியட்நாமின் பேராசை மட்டும் காரணமில்லை, கொலைகாரனை உயிரோடு வைத்திருந்த எல்லோரும் காரணம்.

அப்போ மாமாவின் கட்சிதான் சரியா என்றால், அங்கேயே நான் இன்னொன்றைக் கேட்டேன், கேட்டிருக்க வேண்டாம். "யாழ்ப்பாணம்?" மாமா தட்டைப் பார்த்தார். அதே ராணுவம்தான். 1987-ல் அமைதி காக்கப் போய், காக்கப் போன ஜனத்தோடேயே சண்டை போட்டு, 1990 மார்ச் வரை மாட்டிக்கொண்டு, சுமார் 1,200 ஜவான்களைப் பறிகொடுத்துத் திரும்பியது. செத்த தமிழர் கணக்கை யார் எழுதினார்கள்? மாமா அதற்குள் ரிட்டயர் ஆகிவிட்டார், ஆனால் கூட இருந்த ஒருவர் போய் வந்தார், வந்தபின் தீபாவளிக்கு வெடிச் சத்தம் கேட்டால் வீட்டுக்குள் போய்விடுவார் என்றார் மாமா. அங்கே அவர்கள் செய்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதே சமயம் 2009-ல் முள்ளிவாய்க்காலில் ஜனங்கள் ஒரு துண்டுக் கடற்கரையில் நசுங்கிக் கிடந்தபோது யாராவது உள்ளே போங்களேன் என்று நானும்தான் தெருவில் நின்றேன். உள்விவகாரம் என்ற என் கொள்கையை அன்று எந்தப் பையில் வைத்திருந்தேன் என்று தெரியவில்லை. ஐ.நா. தன் மேலேயே நடத்திய விசாரணையில் நாங்கள் தவறிவிட்டோம் என்று ஒப்புக்கொள்ள 2012 ஆனது.

அக்காவுக்கு நான் இதை மொழிபெயர்த்துச் சொன்னேன். ருவாண்டாவிலும் அப்படித்தானே என்றார். 1994, நூறு நாளில் எட்டு லட்சம் பேர், அங்கே ஐ.நா. படை ஏற்கெனவே இருந்தது, கொலை ஆரம்பித்ததும் அதை 270 பேராகக் குறைக்கத் தீர்மானம் போட்டார்கள்.

என் நிலை இப்போது இதுதான், யாரும் ஒப்புக்கொள்ள வேண்டாம். போகிறவனின் மனசு சுத்தமா என்று சோதித்துவிட்டுத்தான் அனுப்புவேன் என்றால் யாரும் எங்கும் போக மாட்டார்கள், செத்துக்கொண்டிருக்கிறவனுக்கு அந்தச் சோதனையால் ஒரு பிரயோஜனமும் இல்லை. நான் பார்க்கிறது இரண்டு. போன பிறகு கொலை நின்றதா? போனவன் எப்போது, யாரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புவான்? ஈராக் இரண்டிலும் தோற்கிறது, அங்கே 2003-ல் நிறுத்த வேண்டிய கொலை அந்த நேரத்தில் நடந்துகொண்டிருக்கவும் இல்லை. வங்கதேசம் இரண்டிலும் பாஸ். கம்போடியா முதலில் பாஸ், இரண்டாவதில் இழுபறி. யாழ்ப்பாணம்... மாமா பக்கத்தில் இருக்கும்போது நான் சொல்லவில்லை, இங்கேயும் சொல்லவில்லை.

சோயுங் ஏக். நகரத்திலிருந்து 15 கிலோமீட்டர் போல. முன்பு சீனர்களின் இடுகாடும் பழத்தோட்டமுமாக இருந்த இடம். எஸ்-21-லிருந்து ராத்திரியில் லாரியில் கொண்டுவந்து, தோட்டா செலவாகக் கூடாது என்று மண்வெட்டியாலும் கம்பியாலும் அடித்தே கொன்றார்கள். 129 குழிகள், அவற்றில் 86-ஐத் தோண்டி கிட்டத்தட்ட 9,000 பேரின் எச்சங்களை எடுத்தார்கள், மிச்சத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். மழை பெய்தால் இன்றும் எலும்புத் துண்டும் துணியும் மேலே வரும், நாங்கள் போனதற்கு முந்தின நாள் மழை. பாதையில் ஒரு கிழிசல் துணி, நீல நிறம், பாதி மண்ணுக்குள். மாமா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார், மிச்ச தூரம் முழுக்க வெறுங்கால். ஒரு மரத்தில் கலர் கலராகக் கைக்கயிறுகள் கட்டியிருக்கிறார்கள், அந்த மரம் எதற்குப் பயன்பட்டது என்று போர்டில் இருக்கிறது, கைக்குழந்தைகள் என்று மட்டும் சொல்கிறேன். இங்கே ஆடியோ கைடு எடுத்துக்கொள்ளுங்கள். அக்கா மாதிரி ஒருவர் கூட இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் சோயுங் ஏக்கில் அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே வருவதில்லையாம், எத்தனை குரூப் வந்தாலும்.

தண்டனையா? வியட்நாம் வந்த அந்த வருஷமே புனோம் பென்னில் ஒரு நீதிமன்றம் போல் பாட்டுக்கு மரண தண்டனை விதித்தது, நாடகம் என்று உலகம் தள்ளிவிட்டது. அவர் 1998-ல் காட்டில் படுக்கையில் செத்தார். ஐ.நா. உதவியோடு தனி நீதிமன்றம் 2006-ல் ஆரம்பித்து 2022-ல் முடிந்தது. 30 கோடி டாலருக்கு மேல் செலவு, தண்டனை பெற்றவர்கள் மூன்றே பேர். சிறை அதிகாரி டூச் அதில் ஒருவர். அக்காவிடம் இது போதுமா என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கிவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

மார்க்கெட்டை நாங்கள் வேண்டாம் என்றுவிட்டோம், டிரைவர் முகம் சுருங்கியது, கமிஷன் போயிருக்கும். திரும்புகிற வழியில் மாமா அக்காவிடம் கடைசியாக ஒன்று கேட்டார். வியட்நாம் படை கிளம்பிய அன்று உங்கள் ஊரில் என்ன செய்தீர்கள்? தன்னைப் பற்றித்தான் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றியது, ஜெஸ்ஸோரில் இவர்கள் கிளம்பிய பின் அந்த இளநீர்க் கிழவர் என்ன நினைத்தார் என்று. அக்கா சொன்னார், அம்மா வாழைப்பழச் சீப்பு கொண்டுபோய் லாரியில் ஏற்றினார், அண்ணன் காறித் துப்பினார். அன்று ராத்திரி அம்மா அரிசி, உப்பு, இரண்டு துணி வைத்து ஒரு மூட்டை கட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்தார், அவன்கள் திரும்பி வந்தால் ஓட. பத்து வருஷம் அந்த மூட்டை அங்கேயே இருந்தது, வருஷா வருஷம் அரிசியை மட்டும் மாற்றுவார்.

போகிறவர்களுக்கு: டூர் எடுக்காதீர்கள். 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இந்த இரண்டு இடமும் சேர்ந்துவிட்டதால் கூட்டம் கூடும், காலை எட்டு மணிக்குத் திறந்ததும் துவோல் ஸ்லெங் போய்விடுங்கள். நுழைவு 5 டாலர், ஆடியோவுக்கு இன்னொரு 5. சோயுங் ஏக்கை மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள், டுக்டுக் பேசிப் போய் வரலாம், வழியில் நிறுத்தக் கூடாது என்று ஏறும்போதே சொல்லிவிடுங்கள். தோள், முழங்கால் மூடுகிற உடை. சில்லறை டாலர் தாள்கள், கிழியாதவையாக, கிழிந்ததை யாரும் வாங்க மாட்டார்கள். கைடு வைத்துக்கொண்டால் டிப்ஸை அவர் கையிலேயே கொடுங்கள். நாங்கள் ஏஜென்சி கவரில் போட்டுக் கொடுத்தோம், அக்காவுக்கு அதில் பாதிதான் வரும் என்று இறங்கும்போதுதான் தெரிந்தது, மாமா திரும்ப ஓடிப்போய் வேன் ஜன்னல் வழியாக இன்னொரு 10 டாலரை அவர் கையில் திணித்துவிட்டு வந்தார்.